யானை கட்டாயம்

அரை நாள் என்றால் எவ்வளவு நேரம்? பள்ளிக்கூடத்தில் அரை நாள் லீவு என்றால் மதியச் சாப்பாட்டு மணி வரைக்கும் பாடம் உண்டு. கொத்தனாருக்கு அரை நாள் கூலி என்றால் ஒரு மணி வரை அவர் சாரத்தை விட்டு இறங்குவதில்லை. ஸ்ரீரங்கத்தில் அரை நாள் கரண்ட் நிறுத்தம் என்று சொன்னால் ஒன்பதிலிருந்து இரண்டு வரை விசிறிமட்டைதான். மசினகுடியில் மட்டும் அரை நாள் என்பது ஒரு மணி ஐம்பது நிமிடம். கைக்கடிகாரத்தைப் பார்த்துத்தான் சொல்கிறேன். அதிலும் பன்னிரண்டு நிமிடம் டீக்கடையில் போனது. டீக்காசு தனி.

காட்டு யானை பார்க்க ஜீப் சவாரி என்று இதைக் கிளப்பியது என் பேரன். ஆறு வயது. எங்கள் ஊருக்கு யானைப் பஞ்சம் கிடையாது. ரங்கநாதர் கோயிலில் ஆண்டாளும் லட்சுமியும் இருக்கிறார்கள். திருவானைக்காவலில் அகிலா. அந்த ஊரின் பெயரிலேயே யானை நிற்கிறது. யானையும் சிலந்தியும் சிவனுக்காகப் போட்டி போட்ட தலம். அந்தச் சிலந்தி மறுபிறவியில் கோச்செங்கட் சோழனாகப் பிறந்து, பழைய பகையை மறக்காமல் யானை ஏற முடியாத மாடக்கோயில்களாகக் கட்டித் தள்ளியது என்று கதை. சென்னை நெடுஞ்சாலையில் எம்.ஆர்.பாளையத்தில் 2019 முதல் வனத்துறையின் யானைகள் மறுவாழ்வு மையமும் இருக்கிறது. இத்தனையையும் வைத்துக்கொண்டு ஒரு நாள் ஆண்டாளைக் கும்பிட்டுவிட்டு வரும்போது பேரன் கேட்டான்: "சங்கிலி போடாத யானை எங்க பாட்டி இருக்கும்?"

பக்கத்தில் என் தங்கை மகன் இருந்தான். இருக்கக்கூடாத நேரத்தில் இருப்பதுதான் அவன் வழக்கம். செல்லை எடுத்து ஒரு வீடியோவைக் காட்டினான். இலங்கையில் மின்னேரியாக் குளம். மகாசேன மன்னன் கட்டிய ஏரி. மழை ஓய்ந்து ஆகஸ்ட், செப்டம்பரில் தண்ணீர் உள்வாங்கியதும் வெளியே தெரியும் தரையில் பசும்புல் முளைக்கிறது. அதைத் தின்னச் சுற்று வட்டாரத்து யானைகள் நூற்றுக்கணக்கில் வந்து கூடுகின்றன. அரை நாள் ஜீப்பில் போனால் கூட்டங்கூட்டமாகப் பார்க்கலாமாம். வீடியோவில் யானைக்கு ஈடாக ஜீப்பும் நின்றதை நான் அப்போதே கவனித்திருக்க வேண்டும். "பெரியம்மா, இலங்கை எதுக்கு? நம்ம முதுமலை இருக்கு" என்றான். போன் போட்டான். ஸ்பீக்கரில் ஒரு குரல் சொன்னது: "வாங்க்கா, யானை கட்டாயம்ங்க்கா."

அந்தக் 'கட்டாயம்' என்ற சொல்லுக்குத்தான் மூவாயிரத்து ஐந்நூறு ரூபாய் கொடுத்தோம்.

மே மாத விடுமுறை. திருச்சியிலிருந்து ராத்திரி பஸ்ஸில் ஊட்டி, அங்கிருந்து கல்லட்டி வழியாக முப்பத்தாறு கொண்டை ஊசி வளைவு இறங்கி மசினகுடி. பேரன் இரண்டு முறை வாந்தி எடுத்தான். மூன்றாவது முறை நான். மேலே சொல்ல ஒன்றுமில்லை.

ஜீப் வந்தது. உட்காரும் இடத்தில் ரெக்சின் கிழிந்து பஞ்சு எட்டிப் பார்த்தது. பிடித்துக்கொள்ள ஒரு இரும்புக் கம்பி; எனக்கு முன்னால் பிடித்தவர்களின் கைவேர்வையில் அது பளபளவென்று இருந்தது. ரசீது கேட்டேன். டிரைவர் தம்பி சிரித்தார். கிளம்பிக் கொஞ்ச தூரம் போன பிறகு எங்கள் வீட்டுக்காரர் கேட்டார்: "காப்பகத்துக்கு உள்ள போவமா தம்பி?" அப்போதுதான் விஷயம் வெளியே வந்தது. முதுமலைப் புலிகள் காப்பகத்துக்குள் தனியார் ஜீப்புக்கு வழியில்லை. உள்ளே போவது தெப்பக்காட்டிலிருந்து புறப்படும் வனத்துறை வண்டிதான். நாங்கள் போனது ஊர் ரோட்டில். சிங்காரா பக்கம், பொக்காபுரம் பக்கம், மாயாறு பக்கம். ரேஷன் கடைக்குப் போகிறவர்களும் கரண்ட் ஆபீஸ்காரர்களும் தினம் போகிற ரோடு.

"யானைக்குக் காப்பகம், ஊருன்னு தெரியுங்களா சார்? எல்லா எடத்துலயும் வரும்" என்றார் டிரைவர். வாஸ்தவம். அதனால்தான் அந்த இடத்துக்கு யானை வழித்தடம் என்று பேர். அதை மறித்துக் கட்டியிருந்த விடுதிகளுக்கு 2018-இல் சீல் வைத்தார்கள். வழித்தடம் செல்லும் என்று 2020 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. யானை வருகிற வழிதான். ஆனால் நாங்கள் கொடுத்த பணத்துக்கு, நாங்கள் போகிற மணிக்கு வருமா?

முதலில் மயில் காட்டினார். வண்டியை நிறுத்தி, "போட்டோ எடுத்துக்குங்க" என்றார். மயில் பார்க்க எனக்கு விராலிமலை போதாதா? நான் பிறந்த ஜீயபுரத்தில் வயலில் இறங்குகிற மயிலை விரட்டவே ஒரு ஆள் வேண்டும். அப்புறம் புள்ளிமான். அப்புறம் குரங்கு; முக்கொம்பு பூங்காவுக்குப் பொரி வாங்கிக்கொண்டு போனால் கையைப் பிடித்து இழுக்கிற அதே குரங்கு. ஒவ்வொன்றுக்கும் வண்டி நின்றது. கணக்கில் ஏற்றிக்கொண்டே வருகிறார் என்பது எனக்குப் பிறகுதான் புரிந்தது.

பிறகு லத்தி. ரோட்டோரம் குடம் குடமாக ஐந்தாறு உருண்டை. டிரைவர் இறங்கி ஒன்றைக் காலால் பிளந்தார். உள்ளே தும்புத் தும்பாக மூங்கில் நார், செரிக்காத விதை, ஓரத்தில் கடுகளவு காளான் இரண்டு. சாணிவண்டு ஒன்று தன் பங்கை உருட்டிக்கொண்டு போனது. பேரன் ஜீப்பிலிருந்தே மூக்கைப் பிடித்துக்கொண்டு குனிந்து குனிந்து பார்த்தான். உண்மையைச் சொன்னால் அன்று நாங்கள் நன்றாகப் பார்த்தது அதைத்தான். "சூடா இருக்குங்க்கா, இப்பத்தான் போயிருக்கு" என்றார் டிரைவர். காளான் முளைத்த லத்தி எப்படிச் சூடாக இருக்கும்? கேட்கவில்லை. மரியாதைக்காக.

யானை இருந்தாலும் தெரியாது என்பது இன்னொரு சங்கதி. ரோட்டின் இரு பக்கமும் ஆள் உயரத்துக்கு மேல் உண்ணிச்செடி மண்டிக் கிடக்கிறது. வெள்ளைக்காரன் அழகுக்குக் கொண்டுவந்து வைத்த செடி. யானை தின்கிற புல்லை அமுக்கிவிட்டு அது வளர்ந்து நிற்கிறது. அந்தக் குச்சியை வெட்டித்தான் கூடலூர்ப் பக்கத்துப் பெட்டகுறும்பர், பணியர் முதலான பழங்குடி மக்கள் நிஜ அளவில் யானை பொம்மைகள் செய்து, 2021-இல் அவை லண்டன் பூங்காவில் நின்றன. லண்டன்காரர்கள் தெளிவாகப் பார்த்திருப்பார்கள். நாங்கள் அதே செடிக்குப் பின்னால் இருந்த யானையின் ஒரு காதைப் பார்த்தோம்.

ஆமாம், ஒரு காது. டிரைவருக்குப் போன் வந்தது. அவ்வளவுதான், வண்டி பறந்தது. என் தலை மேற்கம்பியில் இரண்டு தடவை இடித்தது. போய்ச் சேர்ந்தால் எங்களுக்கு முன்னால் ஐந்து ஜீப், இரண்டு கார், ஒரு டெம்போ டிராவலர். எல்லாம் ஒரு புதரைச் சுற்றி, வைகுண்ட ஏகாதசிக்கு முதல் நாள் ராத்திரி வடக்கு வாசலில் நிற்பது போல நின்றன. புதருக்குள் சாம்பல் நிறத்தில் ஒரு முறம் அசைந்தது. ஓரம் கிழிந்த முறம். ஒருத்தர் கை தட்டினார். இன்னொருத்தர் விசிலடித்தார். ஒரு பையன் வண்டிக் கதவில் அறைந்தான், திரும்பிப் பார்க்கட்டுமாம். காது நின்றது. காது ஆடாமல் நின்றால் அது நம்மைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். ஆண்டாளை இத்தனை வருஷம் பார்த்த எனக்கே அது தெரிகிறது. அப்புறம் செடி முறிகிற சத்தம். அப்புறம் ஒன்றுமில்லை.

"பாத்துட்டீங்களா? யானை பாத்தாச்சு" என்றார் டிரைவர். கணக்கு முடிந்தது.

எனக்குக் கோபம் டிரைவர் மேல் பாதிதான். அவருக்கு வண்டிக்கு டியூ கட்ட வேண்டும், சீசன் இரண்டு மாதம். மீதிக் கோபம் எங்கள் மேல். கோயில் யானை போலக் காலை பூஜைக்கு மணியடித்தாற்போல் வந்து நிற்கவும் வேண்டும், காலில் சங்கிலி இல்லாமலும் இருக்க வேண்டும் என்று கேட்டால் யார் என்ன செய்வார்கள்? எப்படியாவது வரவழைக்கத்தான் பார்ப்பார்கள்.

அப்படி வரவழைக்கப்பட்ட ஒருவன் கதை அந்த ஊரில் எல்லாருக்கும் தெரியும். ரிவால்டோ. பிரேசில் பந்தாட்டக்காரர் பேர். துதிக்கை நுனி அறுபட்ட ஆண் யானை. பழம் கொடுத்துக் கொடுத்துப் பழக்கியதில் வாழைத்தோட்டம் பக்கம் வீடுகளை விட்டுப் போகாமல் அங்கேயே சுற்றினான். 2021 மே மாதம் பிடித்துக் கரால் என்கிற மரக்கூண்டில் அடைத்தார்கள். ஆகஸ்டில் கழுத்துப் பட்டை மாட்டி அடர்காட்டில் கொண்டுபோய் விட்டார்கள். நடந்தே பழைய இடத்துக்குத் திரும்பி வந்துவிட்டான். அதே 2021 ஜனவரியில், அதே மசினகுடியில் வேறொரு யானை வீடு தேடி வந்தபோது எரிகிற டயரைத் தூக்கி அதன் மேல் எறிந்தார்கள். காதில் மாட்டி எரிய எரிய ஓடியது. பிழைக்கவில்லை. வரவழைக்கவும் நாம், வந்தால் கொளுத்தவும் நாம்.

எங்கள் சமயபுரம் கோயில் யானை மசினியையும் அன்று நினைத்துக்கொண்டேன். முதுமலைக் காட்டில் மீட்ட குட்டி. பேரே இந்த ஊர்ப் பேர். கோயிலுக்கு வந்தாள். நான் ஒரு ரூபாய் கொடுத்து அவளிடம் ஆசி வாங்கியிருக்கிறேன். 2018 மே மாதம் கோயிலுக்குள்ளேயே பாகனைக் கொன்றாள். திருப்பி முதுமலைக்கே அனுப்பினார்கள். 2023 ஏப்ரலில் தெப்பக்காடு முகாமிலும் ஒரு பாகன் அவளால் செத்துப்போனார். அந்தத் துதிக்கை பட்ட உச்சந்தலை இப்போது நினைத்தாலும் கூசுகிறது. கட்டியிருந்தவளே இப்படி என்றால், புதருக்குள் கேட்டுக்கொண்டு நின்றவனிடம் விசிலடிக்க எப்படித்தான் மனசு வருகிறதோ.

மறுநாள் காலை கூடலூர் பஸ். அரசு பஸ், சில்லறைக் காசு டிக்கெட். மசினகுடிக்கும் தெப்பக்காட்டுக்கும் நடுவில் வண்டி மெதுவானது. நின்றது. இன்ஜினை அணைத்தார் டிரைவர். முன்சீட்டில் பால் கேனை இடுக்கிக்கொண்டிருந்தவர், "ம், வந்துட்டாங்க" என்றார், தாசில்தார் வந்ததைச் சொல்வது போல.

நான்கு பெண் யானை, நடுவில் ஒரு குட்டி. ரோட்டைக் கடந்தன. கடைசியாக வந்த கிழவி நடு ரோட்டில் நின்று எங்களைப் பார்த்தாள். காய்ந்த செம்மண் அவள் முதுகில் வெடித்துப் பாளம் பாளமாக இருந்தது. கண்ணிமை மயிரில்கூடப் புழுதி. கன்னத்துக் குழி ஆழமாக விழுந்திருந்தது. குட்டியைத் தன் வயிற்றுக்கடியில் விட்டுக்கொண்டு, துதிக்கையை மட்டும் எங்கள் பக்கம் தூக்கி மோந்தாள். பேரன் என் சேலையைப் பிடித்துக்கொண்டான். தங்கை மகன் செல்லை எடுத்தான். கண்டக்டர் அவன் கையைத் தணித்தார். "தம்பி, சும்மா இருங்க. அதுவே போயிரும்." முழுசாக நான்கு நிமிடம். யாரும் கட்டாயம் என்று சொல்லவில்லை.

பின்னால் ஒரு ஜீப் ஹாரன் அடித்துக்கொண்டு வந்தது. அதற்குள் அவர்கள் காட்டுக்குள் இறங்கிவிட்டார்கள்.

ஆடிப்பெருக்குக்கு முக்கொம்பு போனோம். எங்கள் வீட்டுக்காரர் பொதுப்பணித்துறையில் இருந்தவர். 2018 ஆகஸ்ட் 22 ராத்திரி கொள்ளிடத்தில் ஒன்பது மதகு அடித்துக்கொண்டு போனதிலிருந்து அவருக்கு அங்கே போனால் கண் தண்ணீர் மேல்தான். ஷட்டர் பக்கம் நின்று பேரனுக்குப் பாடம் நடத்திக்கொண்டிருந்தார். பைக்காரா மலை இறங்கினால் மாயாறு, மாயாறு பவானிசாகரில் பவானியோடு சேரும், பவானி கூடுதுறையில் காவிரியோடு சேரும், கொடுமுடி, கரூர் தாண்டி இங்கே வரும்.

"அப்ப அந்த யானை குளிச்ச தண்ணியா தாத்தா?"

"அதுவும்தான்."

பேரன் படியில் இறங்கி ஒரு கை அள்ளி மோந்து பார்த்தான். பக்கத்தில் தங்கை மகனின் செல் அடித்தது. பேசிவிட்டு வந்தவன் என்னைப் பார்க்காமல் சொன்னான்: "பெரியம்மா, அந்த ஜீப்காரர். ஆயுத பூஜை லீவுக்கு வர்றீங்களான்னு கேக்கறார். மழை பெஞ்சு காடு பச்சையா இருக்காம். இந்தத் தடவை யானை கட்டாயமாம்."

எங்கள் வீட்டுக்காரர் தண்ணீரிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "அரை நாளா, முழு நாளா?" என்றார்.