'ஆளு' வேண்டாத குழி

"பன்னிரண்டு உறை இறக்கியிருக்கேன் தம்பி. என் காலத்துல நிறையாது."

கள ஆய்வுக்காக நான் தங்கியிருந்த மலையடிவாரச் சிற்றூரில், புதிதாகக் கட்டிய கழிப்பறையைக் காட்டி ஒரு பெரியவர் பெருமையோடு சொன்னார். அரசு மானியத்துக்குப் பரிந்துரைத்த வடிவம் ஏறக்குறைய ஒரு மீட்டர் ஆழத்தில் இரண்டு குழிகள். அவரோ சொந்தக் காசையும் போட்டு, ஒரே குழியாகப் பன்னிரண்டு அடி தோண்டியிருந்தார்.

"நிறைஞ்சா?" என்று கேட்டேன்.

"ஆளு வருவான்" என்று கையை நீட்டினார். கை காட்டிய திசையில் இருந்தது சேரி.

பாதாளச் சாக்கடை எட்டாத, கழிவுநீர் லாரி நுழைய முடியாத ஊர்களுக்குப் பொருத்தமான ஏற்பாடு இரட்டைக் குழி. ஒரு குழி நிறையச் சில ஆண்டுகள் ஆகும். நிறைந்ததும் கழிவை அடுத்த குழிக்குத் திருப்பிவிட்டு, முதல் குழியை மூடிவைக்க வேண்டும். நீர் மண்ணில் இறங்கிவிடும். ஒன்றரை, இரண்டு ஆண்டுகளில் கிருமிகள் மடிந்து, மிச்சம் மட்கி எருவாகிவிடும். வீட்டுக்காரரே மண்வெட்டியால் அள்ளி வயலில் போடலாம். மின்சாரம் வேண்டாம், இயந்திரம் வேண்டாம். முக்கியமாக, 'ஆளு' வேண்டாம்.

பிறகு ஏன் பன்னிரண்டு உறை? தினமும் மாட்டுச் சாணத்தை வெறுங்கையால் அள்ளுகிற கைதான் இந்த எருவைத் தொட மறுக்கிறது. அறிவியலுக்கு அது எரு. சாதிக்கு அது என்றைக்கும் பீ. தன்னுடையதே ஆனாலும் அதை அள்ளப் பிறந்தவன் வேறொருவன் என்பதுதான் சாதி சொல்லிக்கொடுத்த பாடம்.

அந்த ஆழக் குழிக்கு இன்னொரு விலையும் உண்டு. குழி ஆழமாக ஆக, கழிவு நிலத்தடி நீரை நெருங்குகிறது. அந்த ஊரின் பள்ளத்தில் இருக்கும் கைப்பம்பும் சேரியுடையதுதான்.

2017 பிப்ரவரியில், தெலங்கானாவின் வாரங்கல் அருகே கங்கதேவிபள்ளியில், ஒன்றிய அரசின் குடிநீர், துப்புரவுத் துறைச் செயலாளராக இருந்த பரமேஸ்வரன் ஐயர் இரட்டைக் குழி ஒன்றில் இறங்கி எருவை அள்ளிக் காட்டினார். பாராட்டுகள் குவிந்தன. செய்தது நல்ல காரியம்தான். ஆனால் அதிகாரி ஒருநாள் அள்ளினால் செய்தியாகிறது. தலைமுறை தலைமுறையாக அள்ளியவர்களுக்கு அது விதியாகிறது. இந்த வேறுபாட்டைப் பேசாமல் அருவருப்பை மட்டும் போக்கினால் போதுமா? போக வேண்டியது தீண்டாமை.

கையால் மலம் அள்ளுவதைத் தடைசெய்யும் சட்டம் 2013-இல் வந்தது. மலக்குழியில் இறப்பவர்களின் குடும்பத்துக்கு 10 லட்சம் ரூபாய் என்று 2014-இல் உத்தரவிட்ட உச்ச நீதிமன்றம், 2023-இல் அதை 30 லட்சமாக்கியது. இழப்பீடு ஏறியதே தவிர, மரணங்கள் நிற்கவில்லை. பிணத்துக்கு விலை வைக்கும் அரசு, குழி கட்டும்போதே ஏன் குறுக்கிடுவதில்லை? ஒற்றை ஆழக் குழிக்கு மானியம் தரக் கூடாது. கொத்தனார்களுக்கு இரட்டைக் குழி கட்டப் பயிற்சி தர வேண்டும். மட்கிய எருவை வீட்டுக்காரரே அள்ள வேண்டும் என்று கிராம சபையில் தீர்மானம் போட வேண்டும். அதை ஊர்த்தெருவிலிருந்து தொடங்க வேண்டும்.

தோழர்களே, அடுத்த முறை ஊருக்குப் போகும்போது உங்கள் வீட்டுக் குழிக்கு எத்தனை உறை என்று கேளுங்கள். நிறைந்தால் யார் அள்ளுவார் என்றும் கேளுங்கள். 'ஆளு வருவான்' என்று பதில் வந்தால், நம் சாதி ஒழிப்பு அரசியல் முதலில் தொடங்க வேண்டிய இடம் அந்தக் கொல்லைப்புறம்தான்.