வில்லங்கம் பார்க்காமல் படம் பார்க்கலாமா?



சென்ற வாரம் இந்தப் பக்கத்தில் ஓர் ஓவியத்தைப் பகிர்ந்திருந்தேன். எட்கர் தெகா வரைந்த 'துணி தேய்க்கும் பெண்கள்'. பலரும் பாராட்டினீர்கள், மகிழ்ச்சி. படத்துக்குக் கீழே, அது யாரிடம் இருந்து யாரிடம் போனது என்று நான்கு வரி எழுதியிருந்தேன். எதிர்ப்பு அதற்குத்தான். என்னிடம் பத்தாம் வகுப்பு படித்து, இன்று நல்ல பதவியில் இருக்கும் ஒருவர் எழுதினார்: "சார், படம் அருமை. யார் வைத்திருந்தார், யார் விற்றார் என்பதெல்லாம் நமக்கு எதற்கு? எண்பது வருஷத்துப் பழங்கதை. கலையைக் கலையாகப் பார்க்க விடுங்கள்." அதற்கு நிறைய கைதட்டல். கைதட்டியவர்களில் என் சொந்தக்காரர்களும் உண்டு.

பதில் சொல்லாமல் இருக்க முடியவில்லை. கொஞ்சம் நீளும். நாற்பத்தைந்து நிமிடம் பேசியே பழகியவன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் படம். இரண்டு பெண்கள். ஒருவர் குனிந்து, இரண்டு கைகளாலும் இஸ்திரிப் பெட்டியை அழுத்துகிறார். உடம்பின் பாரம் முழுவதும் அந்தக் கைகளில் இருக்கிறது. பக்கத்தில் நிற்பவர் வாயைப் பிளந்து கொட்டாவி விடுகிறார், கையில் ஒரு பாட்டில். 1884-86 வாக்கில் வரைந்தது. அடுப்பில் வைத்துச் சூடேற்றிய இரும்பு, ஈரத் துணியின் ஆவி, காற்றில்லாத அறை. அந்தக் காலத்துப் பாரிஸ் சலவைக் கடைகளில் பெண்கள் பட்ட பாடு இது. நான் வகுப்பில் தொழிற்புரட்சி நடத்தும்போது இந்தப் படத்தைக் காட்டியிருக்கிறேன், உங்களில் சிலருக்கு நினைவிருக்கும். ஆனால் படத்தோடு வரும் குறிப்பின் கடைசி வரியை நான் ஒருநாளும் வாசித்துக் காட்டியதில்லை. அது என் தவறு. இன்று திருத்திக்கொள்கிறேன்.

அந்த வரி சொல்வது இவ்வளவுதான்: ஐசக் த கமோந்தோ உயில்வழிக் கொடை, 1911.

நம் ஊரில் ஒரு சென்ட் நிலம் வாங்குவதென்றாலும் என்ன செய்கிறோம்? மூலப் பத்திரம் கேட்கிறோம். வில்லங்கச் சான்று போட்டுப் பார்க்கிறோம். நிலம் பச்சைப்பசேல் என்று இருக்கிறது, பத்திரம் எதற்கு என்று யாராவது சொன்னால், அவர் கையில் ஏமாற்று வேலை இருக்கிறது என்று உடனே புரிந்துகொள்கிறோம். ஓவியத்துக்கு அந்த வில்லங்கச் சான்றுதான் உடைமை வரலாறு. நிலத்துக்குக் கேட்கும் கேள்வியைப் படத்துக்குக் கேட்டால் மட்டும் ரசனை கெட்டுவிடுமா?

இனி அந்தக் கடைசி வரிக்கு வருகிறேன்.

கமோந்தோ குடும்பம் இஸ்தான்புல்லில் வங்கித் தொழில் செய்த யூதக் குடும்பம். பிறகு பாரிஸில் குடியேறியது. ஐசக் அங்கே பெரிய கலைச் சேகரிப்பாளர் ஆனார். 1911-ல் இறக்கும்போது தன் சேகரிப்பைப் பிரெஞ்சு அரசுக்கு, லூவ்ர் அருங்காட்சியகத்துக்கு எழுதிவைத்தார். இந்தத் தேய்க்கும் பெண்களும் அதில் அடக்கம். இன்று படம் பாரிஸின் ஓர்சே அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

இதை வரைந்த தெகா யூதர்களை வெறுத்தவர் என்பதையும் மறைக்கக் கூடாது. ட்ரைஃபஸ் என்ற யூத ராணுவ அதிகாரி மீது பொய்யாகத் தேசத்துரோகக் குற்றம் சுமத்தப்பட்டபோது பிரான்சே இரண்டாகப் பிளந்தது. தெகா ட்ரைஃபஸுக்கு எதிர்ப்பக்கம் நின்றார். இளமை முதல் நெருங்கிப் பழகிய அலேவி குடும்பத்தாரின் உறவையே 1897-ல் முறித்துக்கொண்டார். அப்படிப்பட்டவரின் படத்தைப் பாதுகாத்து நாட்டுக்குக் கொடுத்தவர் ஒரு யூதர்.

ஐசக்கின் சித்தப்பா மகன் மொய்ஸ். அவருடைய ஒரே மகன் நிசிம், முதல் உலகப் போரில் பிரான்சுக்காக விமானத்தில் சென்று 1917-ல் உயிர்விட்டார். மொய்ஸ் தன் மாளிகையையும் அதிலிருந்த கலைப்பொருள்களையும் மகன் பெயரால் நாட்டுக்கே எழுதிவைத்து, 1935-ல் இறந்தார். எஞ்சியவர் மகள் பெயாத்ரிஸ். நம் முறைப்படி சொன்னால் ஐசக்குக்கு மகள் முறை.

நாஜிப் படை பிரான்சைப் பிடித்தது. பெயாத்ரிஸ், அவர் கணவராக இருந்த லெயோன் ரெய்னாக், பிள்ளைகள் ஃபனி, பெர்த்ராந் நான்கு பேரையும் பாரிஸ் அருகே உள்ள ட்ரான்சி முகாமில் அடைத்தார்கள். 1943 நடுப்பகுதி வரை அந்த முகாமை நடத்தியது பிரெஞ்சுக் காவல்துறை. அந்த நவம்பரில் தகப்பனையும் பிள்ளைகளையும் ஆஷ்விட்ஸுக்கு ரயிலேற்றினார்கள். 1944 மார்ச்சில் பெயாத்ரிஸை. ஒருவர்கூடத் திரும்பவில்லை. குடும்பம் கொடுத்த படங்களை அரசு பத்திரமாக வைத்திருந்தது. கொடுத்த குடும்பத்தை வைத்திருக்கவில்லை.

இதோடு சேர்ந்த இன்னொன்று. பெயாத்ரிஸின் தாய் ஐரீனைச் சிறுமியாக இருக்கும்போது, 1880-ல், ரெனுவார் வரைந்தார். அந்தப் படத்தை நாஜிகள் கொள்ளையடித்தார்கள். அது கோரிங் கைக்கும் போனது. போருக்குப் பிறகு, 1946-ல், படம் ஐரீனிடம் திரும்பி வந்தது. மகளும் பேரப்பிள்ளைகளும் வரவில்லை.

சொல்லுங்கள் தம்பி, 'கமோந்தோ கொடை, 1911' என்ற வரியை இப்போது பழங்கதை என்று தள்ள முடிகிறதா?

அடுத்தது, திருட்டு. தெகா வரைந்த சலவைப் பெண்கள் படங்களில் சிறிய ஒன்று உண்டு, பல்வலியில் வாடும் சலவைப் பெண்கள் என்பது அதன் பெயர். பிரெஞ்சு அரசுக்குச் சொந்தமான அது ல ஆவ்ர் நகர அருங்காட்சியகத்தில் இருந்தது. 1973-ல் திருடுபோனது. 37 ஆண்டுகள் கழித்து, 2010-ல், நியூயார்க்கில் ஓர் ஏலப் பட்டியலில் தலைகாட்டியது. இது களவுபோன படம் என்று தெரியவந்ததும் ஏலத்திலிருந்து விலக்கி, பிரான்சுக்குத் திருப்பிக் கொடுத்தார்கள். எப்படிக் கண்டுபிடிக்க முடிந்தது? இது இன்னாருடையது, இங்கே இருந்தது, இந்த ஆண்டில் காணாமல் போனது என்று யாரோ எழுதிவைத்திருந்தார்கள். கலையைக் கலையாக மட்டும் பார்த்திருந்தால் அது ஏலம் போய், யாரோ ஒருவர் வீட்டுச் சுவருக்குப் போயிருக்கும்.

மூன்றாவதுதான் சிக்கலானது. வாதத்தில் எனக்குச் சாதகமானதை மட்டும் எடுத்துக்கொள்ளக் கூடாது என்பதால் இதையும் சொல்கிறேன். பிக்காசோ 1904-ல் வரைந்த 'துணி தேய்க்கும் பெண்'. இது இம்ப்ரெஷனிஸ்ட் படம் இல்லை, ஆனால் பொருள் அதே. எலும்பும் தோலுமான ஒரு பெண், தோள் வளைந்து இரும்பை அழுத்துகிறாள். ஜெர்மனியில் இதை வைத்திருந்தவர் காரல் அட்லர் என்ற யூதத் தொழிலதிபர். 1938-ல் மனைவியோடு நாட்டை விட்டு ஓடினார். அந்த ஆண்டே, தான்ஹவுசர் என்ற கலை வணிகருக்குப் படத்தை விற்றார். வாரிசுகளின் மனுப்படி, 1932-ல் அவர் கேட்ட விலை 14,000 டாலர். 1938-ல் கிடைத்தது சுமார் 1,552 டாலர். தான்ஹவுசரும் ஒரு யூதர், அவரும் ஜெர்மனியை விட்டு வெளியேறியவர்தான். அவர் வழியாகப் படம் நியூயார்க்கின் குகன்ஹெய்ம் அருங்காட்சியகத்துக்கு வந்தது. வாரிசுகள் 2023-ல் வழக்குப் போட்டார்கள். 1970-களில் குடும்பத்தாரிடம் விசாரித்தோம், அப்போது யாரும் ஆட்சேபிக்கவில்லை என்றது அருங்காட்சியகம். 2024-ல் நீதிமன்றம் வழக்கைத் தள்ளுபடி செய்தது.

சட்டம் சொன்னதைச் சொல்லிவிட்டேன். என் கேள்வி வேறு. உயிர் தப்ப விசாவுக்கும் வரிக்கும் அலைகிறவன், கேட்ட விலைக்கு விற்றுவிட்டுப் போனதை வெறுமனே 'விற்பனை' என்று ஒரே சொல்லில் எழுதிவிட்டுக் கடந்துவிடலாமா? அடுப்பில் உலை வைக்க வழியில்லாமல் தாலியை விற்கிறவளும் 'சம்மதித்து'த்தான் விற்கிறாள். அந்தச் சம்மதத்தின் லட்சணம் நமக்குத் தெரியாதா? ஆண்டு 1938, விட்டு ஓடிய நாடு ஜெர்மனி, விற்றவர் யூதர் என்றால் பார்க்கிறவர் ஒரு நிமிடம் நிற்க வேண்டும். அதற்கு அந்த மூன்று விவரமும் அவர் கண்ணில் பட வேண்டும்.

"எண்பது வருஷம் ஆயிற்றே, இன்னும் எத்தனை நாள் இதையே பேசுவது?" என்பவர்களுக்கு ரோஸ் வாலாண்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். பாரிஸில் நாஜிகள் கொள்ளையடித்த கலைப்பொருள்களைக் குவித்துவைத்து அனுப்பிய இடம் ழு த போம் என்ற அருங்காட்சியகம். அங்கே வேலை பார்த்த பெண்மணி அவர். எந்தப் படம் யாருடையது, எங்கே அனுப்பப்படுகிறது என்று தெரியாமல் குறித்துக்கொண்டே இருந்தார். பிடிபட்டிருந்தால் உயிர் போயிருக்கும். போருக்குப் பின் ஆயிரக்கணக்கான பொருள்களைத் தேடி மீட்க அந்தக் குறிப்புகள் உதவின. அப்படியும் உரியவர் கைக்குச் சேராத சுமார் 2,000 பொருள்கள் இன்றும் பிரெஞ்சு அருங்காட்சியகங்களின் காவலில் தனிக் குறியீட்டோடு இருக்கின்றன. 1998-ல் வாஷிங்டனில் கூடிய 44 நாடுகள், இப்படிப்பட்டவற்றைத் தேடி நியாயமான தீர்வு காண்போம் என்று ஒப்புக்கொண்டன. பிரான்சு அதற்கென 2023-ல் தனிச் சட்டமே இயற்றியது. உலகம் முடிக்காத கணக்கை நாம் ஏன் அவசரமாக மூடுகிறோம்?

உறவுக்குள் ஒருவர் கேட்ட கேள்விதான் என்னைத் தூங்கவிடவில்லை. "மாமா, இது பணக்காரர்களுக்குள் நடக்கும் சொத்துச் சண்டை. வங்கிக்காரர், வணிகர், அருங்காட்சியகம். படத்தில் வேர்த்து விறுவிறுத்து நிற்கிறவள் பெயரை யாராவது எழுதினார்களா?"

எழுதவில்லை. நல்ல கேள்வி, மாப்பிள்ளை. உடைமைப் பட்டியலில் ஒரு கைக்கும் இன்னொரு கைக்கும் நடுவே அவளுக்கு இடமே இல்லை. ஆனால் அதற்கு மருந்து, எழுதியிருக்கும் பெயர்களையும் அழிப்பதா? அவளை 'யாரோ ஒரு சலவைக்காரி' என்று விட்டதும், பெயாத்ரிஸை 'பழங்கதை' என்று விடுவதும் ஒரே புத்திதான். பொருள் வேண்டும், அதற்குப் பின்னால் இருக்கும் ஆள் வேண்டாம் என்கிற புத்தி. வெளுத்த சட்டை வேண்டும், தேய்த்தவள் வேண்டாம். படம் வேண்டும், கொடுத்தவர் வேண்டாம். கமோந்தோக்களின் பணம் அவர்களைக் காப்பாற்றவில்லை என்பதையும் நினைத்துக்கொள்ளுங்கள். ஆளை மறக்கப் பழகிய சமூகம் ஏழையோடு நிறுத்திக்கொள்ளாது.

ஆகவே உங்கள் வாத்தியார் கடைசியாகக் கொடுக்கும் வீட்டுப்பாடம் இது. இனி எந்த அருங்காட்சியகத்துக்குப் போனாலும், எந்தப் படத்தைப் பகிர்ந்தாலும், கீழே இருக்கும் சின்ன எழுத்தை வாசியுங்கள். கொடையா, களவா, கட்டாய விற்பனையா என்று கேளுங்கள். 1933-க்கும் 1945-க்கும் நடுவே வரிசை விட்டுப்போயிருந்தால் சந்தேகப்படுங்கள். பிள்ளைகளையும் வாசிக்கச் சொல்லுங்கள். பிறகு நிமிர்ந்து படத்தைப் பாருங்கள். அந்தக் கொட்டாவி அப்படியேதான் இருக்கும், அழகு ஒன்றும் குறைந்துவிடாது.

மறுப்பு இருந்தால் எழுதுங்கள். வகுப்பில் கை தூக்கிக் கேள்வி கேட்டவனை நான் ஒருநாளும் உட்காரச் சொன்னதில்லை.

அன்புடன்,
உங்கள் வரலாற்று வாத்தியார்