ராணி போச்சே!

போன மாசம் அக்கா பொண்ணுகிட்ட செஸ்ஸில் தோத்தேன் மக்களே. ஆறாம் வகுப்பு வாண்டு. நானோ மூணு மாசமா சிசிலியன் டிஃபென்ஸை உருப்போட்டவன். அவ குதிரை என் ராணியை முறைச்சுக்கிட்டு நிக்குது, நான் பாட்டுக்கு ஓரத்துச் சிப்பாயைத் தள்ளினேன். "மாமா, நான் ஏன் குதிரையை அங்க வச்சேன்னு யோசிக்கவே இல்லையா?"ன்னு கேட்டா பாருங்க... ராணி போனதை விட அதுதான் வலிச்சது.

அதனால சொல்றேன், என்னை மாதிரி கத்துக்குட்டிகளுக்கு ஓப்பனிங் புத்தகம் இப்போதைக்கு வேண்டாம். (சண்டைக்கு வர்றவங்க வரலாம்.) நாம தோக்கிறது நுணுக்கம் தெரியாம இல்லை, காயைச் சும்மா தூக்கிக் கொடுத்து. எதிராளி வச்சதும் கையைக் கட்டிக்கிட்டு, இவன் எதுக்கு வச்சான், அடுத்து எதை வெட்டுவான், செக் இருக்கான்னு பாருங்க. 3 நிமிஷ ஆட்டத்துல இதுக்கெல்லாம் நேரமே கிடையாது. 15 நிமிஷ ஆட்டமாவது ஆடணும்.

2024 டிசம்பர், சிங்கப்பூர். உலக சாம்பியன் போட்டியின் 14வது ஆட்டம், டிராவை நோக்கிப் போயிட்டிருந்தது. 55வது நகர்த்தலில் டிங் லிரென் யானையைத் தப்பான கட்டத்தில் வச்சார். நம்ம குகேஷே முதல்ல கவனிக்காம வேற நகர்த்தலுக்குத் தயாராயிட்டாராம். அப்புறம்தான் எதிராளியோட மந்திரி மாட்டிக்கிட்டது தெரிஞ்சிருக்கு. 18 வயசில் உலக சாம்பியன்!

நேத்து மறுபடி அவகூட ஆடினேன். தோல்விதான். ஆனா ராணி கடைசி வரைக்கும் பலகையில் இருந்துச்சு.