விஷத்துக்கு ஏழு நகல்



தோல் ஷாப் கழிவுத் தொட்டியின் அடியில் தேங்குகிற குரோமியக் கசடு, சட்டத்தின் கணக்கில் அபாயகரமான கழிவு. அதில் ஒரு பீப்பாய் லாரியில் ஏறி வெளியே போகவேண்டுமென்றால் ஏழு நகல் சீட்டு வேண்டும், நகலுக்கொரு நிறத்தில். அனுப்புகிறவர் பேர், ஏற்றிப்போகிறவர் பேர், லாரி எண், அளவு, வாங்குகிறவர் கையெழுத்து எல்லாம் அதில் ஏறும். மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கும் போகும். 2016-ஆம் ஆண்டு விதிகள் இப்படிச் சொல்கின்றன. நான் வங்கியில் குமாஸ்தா. நகல் சரிபார்த்து, முத்திரை குத்தி, கோப்பில் சேர்த்தே வயசு போகிறது. அதனால் அந்தச் சீட்டின் அருமை எனக்குத் தெரியும். விஷம் எங்கே கிளம்பி எங்கே போய்ச் சேர்ந்தது என்று பிடிக்க ஒரு வழி இருக்கிறது. நல்ல விஷயம்தான்.

ஆனால் தொட்டிக்குள் இறங்கி அந்தக் கசடை வாரிப் பீப்பாயில் கொட்டினவன் யாரு? ஏழு நகலையும் புரட்டிப் பாருங்க. அவன் பேர் இல்லை.

தோலில் மயிர் நீக்கச் சுண்ணாம்போடு சோடியம் சல்ஃபைடு போடுகிறார்கள். குரோமியத்துக்குப் போகுமுன் அதே தோலை அமிலத்தில் ஊறவைக்கிறார்கள். இரண்டு கழிவுநீரும் ஒரே தொட்டியில் கலந்தால் ஹைட்ரஜன் சல்ஃபைடு கிளம்பும். கசடு நாள்பட்டுக் கிடந்தாலும் கிளம்பும். அழுகின முட்டை நாத்தம். அளவு கூடினால் மூக்கு மரத்துப்போய் நாத்தமே தெரியாது. நாத்தம் அடங்கிப்போச்சு என்று நம்பி இறங்குகிறவன் ஏணியிலேயே சாய்கிறான். அவனைத் தூக்கப் போகிறவன் அவனுக்குப் பின்னாலேயே. இந்தச் சாவுகள் ஒத்தைச் சாவாக வராததற்கு இதுதான் காரணம்.

இந்த வாயுவைச் சட்டத்துக்குத் தெரியாதா? தெரியும். 1989-ல் வந்த அபாயகரமான வேதிப்பொருள் விதிகளின் பட்டியலில் அதன் பேர் இருக்கிறது. கிடங்கில் டன் கணக்கில் இருந்தால் பாதுகாப்பு அறிக்கை, அவசரகாலத் திட்டம் என்று கடமைகள் வரிசையாக வரும். ஆளைச் சாகடிக்கச் சில மூச்சே போதும் என்கிற கணக்கு அந்தப் பட்டியலில் இல்லை. 2016 விதிகளோ கழிவுநீர் தங்கள் வரம்பிலேயே வராது, அது 1974-ஆம் ஆண்டு தண்ணீர்ச் சட்டத்தின் வேலை என்று ஒதுங்கிக்கொள்கின்றன. சரி, மனிதக் கழிவகற்றும் தொழிலைத் தடைசெய்யும் 2013-ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் போவோம். அது செப்டிக் டேங்க் என்பதை மனிதக் கழிவு தேங்கும் தொட்டி என்று வரையறுக்கிறது. தோல் ஷாப் தொட்டியில் கிடப்பது மாட்டுத்தோல் கசடு. ஆக, ஒரே மாதிரி வாயு, ஒரே மாதிரி ஏணி, பெரும்பாலும் ஒரே சேரியிலிருந்து வருகிற ஆள். எந்தச் சட்டத்தில் அடங்குவான் என்று தீர்மானிக்க அவன் செத்த பிறகு வக்கீல் வரவேண்டியிருக்கிறது.

1948-ஆம் ஆண்டு தொழிற்சாலைச் சட்டம் மட்டும் தெளிவாகப் பேசியது. உள்ளே வாயு இல்லை என்று தகுதியுள்ளவர் எழுத்தில் சான்று தரணும், இல்லையென்றால் மூச்சுக்கருவியும் இடுப்பில் கயிறும் வேணும் என்றது 36-ஆம் பிரிவு. 2025 நவம்பரில் அந்தச் சட்டத்தின் இடத்துக்குப் புதிய தொழிலாளர் தொகுப்பு வந்துவிட்டது. அத்தனை வருசத்தில் அந்தக் கயிறு எத்தனை இடுப்பில் ஏறியது என்று தோல் ஷாப்பில் வேலை பார்த்த யாரையாவது கேளுங்கள். முதலாளி கடன் கேட்டு வந்தால் வங்கி வாரியத்தின் இசைவாணை நகலைக் கேட்கும். தொட்டிச் சான்றின் நகலைக் கேட்க எந்தப் படிவத்திலும் ஒரு கட்டத்தை நான் பார்த்ததில்லை.

“விஷம் சாதி பார்க்குமா?” என்று சுற்றுச்சூழல் நண்பர்கள் கேட்கிறார்கள். விஷம் பார்க்காது. ஏணியைப் பிடித்துக்கொண்டு மேலே நிற்கிறவர் பார்க்கிறார்.

அரசுக்குச் செய்யத் தெரியாமல் இல்லை. 1989, 2016 விதிகள் இரண்டும் போபால் பிணங்களின் மேல் எழுந்தவை. 1984 டிசம்பர் 2 இரவு யூனியன் கார்பைடு ஆலையிலிருந்து மெத்தில் ஐசோசயனேட் கசிந்தது. 1986-ல் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டம் வந்தது. அந்த ஆலையில் மிஞ்சிய 337 டன் கழிவை அகற்ற 40 வருசம் ஆனது. 2025 ஜனவரியில் 12 கண்டெய்னர்களில் பித்தம்பூருக்குக் கொண்டுபோனார்கள். மூட்டை கட்ட சுமார் 100 பேர். கவச உடை. 30 நிமிசத்துக்கு ஒரு தடவை ஆள் மாற்றி ஓய்வு, மருத்துவப் பரிசோதனை. உலகமே பார்த்துக்கொண்டிருந்ததால் இதெல்லாம் நடந்தது. யாரும் பார்க்காத தொட்டியில் அந்த 30 நிமிசக் கணக்கு எங்கே போகிறது?

ராணிப்பேட்டையைப் பாருங்கள். 2015 ஜனவரி 31 அன்று தோல் தொழிற்பேட்டையின் பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தில் கசடுத் தொட்டியின் சுவர் உடைந்தது. பக்கத்துத் தோல் ஷாப்பில் படுத்துத் தூங்கிக்கொண்டிருந்த தொழிலாளர்கள் மேல் சகதி பாய்ந்தது. 10 பேர் செத்தார்கள். அநேகர் மேற்கு வங்கத்திலிருந்து பஞ்சம் பிழைக்க வந்தவர்கள். உள்ளூர்ச் சேரிப் பையன் கேள்வி கேட்க ஆரம்பித்தால், ஒப்பந்தக்காரர் ரயிலேறி வருகிறவனைத் தேடிக்கொள்கிறார். நாம் இதைச் சரியாகப் புரிந்துகொள்ளாவிட்டால் வங்கத்துக்காரனை எதிரியாக நினைத்துவிடுவோம்.

பாலாற்றுக்காகச் சட்டம் ஒன்றுமே செய்யவில்லை என்று சொல்லமாட்டேன். 1996 ஆகஸ்ட் 28-ல் உச்சநீதிமன்றம் தந்த வேலூர்த் தீர்ப்பு பெரிய தீர்ப்பு. 35,000 ஹெக்டேருக்கு மேல் விளைநிலம் பாழானதை ஏற்றுக்கொண்டு, கெடுத்தவனே ஈடு கட்டணும் என்றது. 2025 ஜனவரியில் அதே நீதிமன்றம் மறுபடியும் தலையிடவேண்டி வந்ததிலிருந்து, இடையில் நடந்தது என்ன என்று தெரிந்துகொள்ளலாம். நிலத்தை அளந்து ஈடு கட்டலாம். பட்டா இல்லாதவன் நுரையீரலை எந்தச் சர்வேயர் அளப்பார்?

இதற்கிடையில் மத்திய அரசு 2023-ல் ஜன் விஸ்வாஸ் சட்டம் கொண்டுவந்தது. 1986 சட்டத்தை மீறினால் ஐந்து வருசம் வரை சிறை என்றிருந்ததை எடுத்துவிட்டு 10,000 ரூபாயிலிருந்து 15 லட்சம் வரை அபராதம் என்று ஆக்கிவிட்டார்கள். கட்டத் தவறினால்தான் இனிச் சிறை. முதலாளி மேல் அரசுக்கு அவ்வளவு விசுவாசம்.

இவ்வளவுக்கும் நடுவே நமக்கு ஒரு சந்து இருக்கிறது. 2016 விதிகளில் 5-ஆம் விதி தொழிலாளியைப் பற்றிப் பேசுகிறது. அபாயகரமான கழிவை மறுசுழற்சி செய்யும் வேலையில் இருப்பவர்களை மாநிலத் தொழிலாளர் துறை அங்கீகரித்துப் பதிவு செய்யணும், பயிற்சி தரணும், வருசாவருசம் அவர்களுடைய உடல்நலத்தையும் பாதுகாப்பையும் கண்காணிக்கணும். தொட்டியில் இறங்குகிறவனை அது நேராகச் சொல்லவில்லை என்பது உண்மை. ஆனாலும் விஷத்தைத் தொடுகிற கைக்கு ஒரு பதிவேடு வேண்டும் என்று அந்த விதிகளே ஒத்துக்கொண்டுவிட்டன. அங்கிருந்து தொடங்கலாம்.

வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர், ஈரோடு, திண்டுக்கல் தோழர்கள் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் தொழிலாளர் துறைக்கு மனு போடுங்கள். உங்கள் மாவட்டத்தில் 5-ஆம் விதிப்படி பதிவானவர்கள் எத்தனை பேர்? கடைசியாக எப்போது உடம்பைப் பார்த்தார்கள்? தொழிற்சாலை ஆய்வாளரிடம் இன்னொரு மனு: கழிவுத் தொட்டியில் ஆள் இறங்குமுன் தந்த வாயுச் சான்றுகளின் நகல். மாணவத் தோழர்கள் மனு எழுத உதவுங்கள், பத்து ரூபாய்க் கட்டணத்தைப் பகிர்ந்து கட்டுங்கள். முப்பது நாளில் பதில் வரணும். வந்தாலும் வராவிட்டாலும் மனுவின் நகலை இதழ் முகவரிக்கு அனுப்புங்கள். அடுத்த இதழில் மாவட்டவாரியாகப் போடுகிறோம்.