செய்திப் பெருக்கும் கற்போர் கடமையும்

ஓலைச்சுவடிகளை நாடி ஊர்தோறும் அலைந்த உ. வே. சாமிநாதையர் அவர்கள் சீவக சிந்தாமணியை அச்சேற்றியது 1887-ஆம் ஆண்டில். ஒரு பிரதியில் விளங்காத பாடத்தை மற்றொரு பிரதியில் தெளிதற்பொருட்டு அப்பெரியார் நடந்த வழியும் கழித்த காலமும் தமிழன்பர் யாவரும் அறிந்தனவே. இஞ்ஞான்று நமக்கு அத்துன்பம் இல்லை. 1998-ஆம் ஆண்டுத் தைப்பொங்கல் நாளில் தொடங்கப்பெற்ற மதுரைத் திட்டம் பழந்தமிழ் நூல்கள் பலவற்றை இணையத்தில் விலையின்றி வைத்துள்ளது. விரலால் ஒருமுறை தொட்டால் ஏடு திறக்கின்றது. இப்பேற்றினை இகழ்வார் உளரேல், அவர் பக்கம் சேர யாம் ஒருப்படோம். யாம் வினவுவது வேறொன்று: திறந்தோர் எத்தனைவர்? திறந்தோருள் ஒரு படலத்தையேனும் முற்ற ஓதியோர் எத்தனைவர்?

அக்காலத்தில் அரிதாயிருந்தது நூல். இக்காலத்தில் அரிதாயிருப்பது நூலின்மேல் நிலைத்து நிற்கும் மனம். செய்தி மிகுமிடத்தில் கவனம் வறுமையுறும் என்னும் கருத்தை ஹெர்பர்ட் சைமன் என்னும் அமெரிக்கப் பேரறிஞர் 1971-ஆம் ஆண்டிலேயே வெளியிட்டனர். அப்பொழுது கைபேசியும் இல்லை, வலைத்தளமும் இல்லை என்பது நினைவுகூரத்தக்கது.

அச்சிட்ட நூலுக்கு ஓர் ஈறு உண்டு. அதிகாரம் முடிந்தவிடத்துக் கண் ஓய்கின்றது. போதும், போதாது என்று அறிவு தானே தீர்ப்புக் கூறுகின்றது. கைபேசித் திரைக்கோ ஈறு இல்லை. உருட்ட உருட்டப் புதுச் செய்தி வந்துகொண்டேயிருக்கும் இவ்வமைப்பினை 2006-ஆம் ஆண்டில் வகுத்தவர் ஏஸா ராஸ்கின் என்பவர். அதனால் விளைந்த கேட்டினைக் கண்டு பின்னர் அவரே வருந்திப் பேசியுள்ளார். விளம்பரத்தால் பொருளீட்டும் குழுமங்களுக்கு நாம் திரையின்முன் கழிக்கும் ஒவ்வொரு நாழிகையும் வருவாயாம். ஆகவே, நம்மைத் திரையினின்றும் எழுந்துபோக விடுதல் அவர்தம் வாணிகத்துக்கு இசைந்ததன்று. பாடத்துக்கு வேண்டிய ஒரு சொல்லின் பொருளைத் தேடப் புகுந்த மாணவர், சிறிது பொழுதில் கிரிக்கெட்டும் திரைப்படமும் ஊர்வம்பும் கண்டு நள்ளிரவில் மீள்வதும், சொற்பொருளை மறந்தே மீள்வதும் இதனாலேயே. விடுதி விளக்கணைந்த பின்னரும் போர்வைக்குள் அணையாதிருக்கும் ஒளியைப் பற்றி விடுதிக் காப்பாளரை வினவுக!

பொழுது வீணாதல் ஒன்றே கேடாயின் யாம் இத்துணை வற்புறுத்தோம். 2018-ஆம் ஆண்டு மே மாதத்தில், திருவண்ணாமலை மாவட்டம் போளூரை அடுத்த அத்திமூரில், குலதெய்வக் கோயிலை நாடி உறவினருடன் சென்ற சென்னை மூதாட்டி ஒருவர், சிறுவர்க்கு மிட்டாய் கொடுத்த காரணத்தால் பிள்ளை பிடிப்பவர் என்று ஐயுறப்பட்டு, ஊரார் கூடி அடித்ததனால் உயிர் துறந்தார். பிள்ளை பிடிக்கும் கூட்டம் வந்திருக்கின்றதென்னும் பொய்ச்செய்தி வாட்ஸப் வழியாகப் பரவியிருந்த காலம் அது. அவ்வாண்டில் நம் நாடெங்கும் உலவிய ஒரு படக்காட்சியின் வரலாறு சிந்திக்கத்தக்கது. அது கராச்சி நகரில், குழந்தைகளைக் காத்துக்கொள்ளுமாறு பெற்றோரை எச்சரித்தற்கு எடுக்கப்பட்ட குறும்படம். தூக்கிச்செல்லப்பட்ட பிள்ளையை மீளக்கொண்டுவந்து விடும் இறுதிப்பகுதியை யாரோ வெட்டியெறிந்தனர். எஞ்சியது மெய்ந்நிகழ்ச்சியென உலவிற்று. பார்த்தோர் பலர், இஃது எவ்வூரில் எப்பொழுது எடுத்ததென்று வினவினோர் சிலரே. அனுப்பினோரிற் பெரும்பாலார் தீயவர் அல்லர். தம் பிள்ளைகளுக்கு அஞ்சிய தாய்தந்தையரே. இதுவே நம்மை நடுங்கச் செய்கின்றது.

அவ்வாண்டு ஜூலை மாதத்தில் அக்குழுமம், இந்தியாவில் ஒரு செய்தியை ஒருமுறையில் ஐவர்க்கோ ஐந்து குழுக்களுக்கோ மேல் அனுப்பலாகாதென வரையறுத்தது. பலகால் கைமாறிய செய்தியை ஒருமுறை ஓரிடத்துக்கே அனுப்பலாமென 2020-ஆம் ஆண்டு ஏப்ரலில் மேலும் இறுக்கிற்று. இவை நல்ல வேலிகளே. எனினும், ஐவர்க்கு அனுப்பிய பொய்யும் பொய்யே அன்றோ?

கைபேசியைக் கல்லூரி வாயிலுக்குள் விடலாகாதென்பார் கூற்று எமக்கு உடன்பாடன்று; கிணறு ஆழமென்று தண்ணீர் மொள்ளாதிருப்பார் இலர். இணையத்துட் புகுமுன் தேடுவது இன்னதென ஒரு தாளில் எழுதிக்கொள்ளுதலும், கிடைத்தவுடன் வெளிவருதலும் பெரிதும் பயன் தரும். அச்சமோ சினமோ மூட்டும் செய்தி வரின், அதனை எழுதியவர் யார், நிகழ்ந்த நாள் யாது, வேறெவரேனும் உறுதிசெய்துளரோ என்று தேடிய பின்னரே பிறர்க்கு அனுப்புக. தேடப் பொழுதில்லையேல் அனுப்பவும் பொழுதில்லையென்று கொள்க. வீட்டிலுள்ள முதியோர் அனுப்பும் செய்திகளை நகைத்துத் தள்ளாது, அருகிருந்து பொறுமையுடன் விளக்குதலும் கற்ற பிள்ளைகளின் பொறுப்பேயாம்.

நம் நூலகத்தாரிடத்தும் ஒரு விண்ணப்பம் உண்டு. வாரத்தில் ஒரு மாலை, படிக்குங்கூடத்தின் வாயிலில் ஒரு மரப்பெட்டி வைத்து, கைபேசிகளை அதிலிட்டு உள்ளே வருமாறு மாணவரையும் ஆசிரியரையும் ஒருங்கே அழைக்கலாம். ஒரு மணிநேரம், ஒருவர்க்கு ஒரு நூல். முதல் நாளில் பெட்டி நிரம்புமென்று யாம் எதிர்பார்க்கவில்லை. பத்துப்பேர் வரினும் விளக்கை ஏற்றிவைக்குமாறு வேண்டுகின்றோம்.