ஆற்றலும் எச்சமும்

எமது கல்லூரியின் விழா மலருக்குக் கட்டுரை ஒன்று தருக எனப் பழைய மாணவர் சங்கத்தார் பணித்தபோது, தமிழாசிரியர் என்ற முறையில் இலக்கியப் பொருள் ஒன்றையே நாம் தெரிந்தெடுப்போம் என அவர்கள் எண்ணியிருத்தல் கூடும். ஆயினும், இக்காலத்து மாணவர் எம்மை நாடிவந்து வினவுவன வேறாக உள்ளன. விவாதப் போட்டிக்குப் பேச்சுத் திருத்தித் தருமாறு வருவோர், 'அணுமின்சாரம் நமக்கு வேண்டுமா, வேண்டாமா?' என ஓராண்டும், 'பிளாஸ்ரிக்கை ஒழித்தல் இயலுமா?' என மறு ஆண்டும் தலைப்புக் கொண்டுவருகின்றனர். விஞ்ஞானம் கற்பிப்போர் உரைக்கவேண்டியதனை நாம் உரைப்பது மிகையெனத் தோன்றலாம். எனினும், இவ்விரு தலைப்புக்களும் உண்மையில் ஒரே வினாவின் இரு கூறுகள் என்பது எமது துணிபு. அதனை ஈண்டு எடுத்துரைக்க முற்படுகின்றோம்.

சென்ற சோளகக் காலத்து மாலையொன்றில் குருநகர் இறங்குதுறைப் பக்கமாகச் சென்றிருந்தோம். புனித யாகப்பர் ஆலயத்தின் மணி ஒலித்து ஓய்ந்த வேளை. வள்ளங்கள் கரை சேர்ந்து, வலைகள் உலர்ந்துகொண்டிருந்தன. கடலேரியின் ஓரத்திலோ தண்ணீர்ப் போத்தல்களும், சொப்பிங் பைகளும், அறுந்த தங்கூசி வலைத் துண்டுகளும் சாதாளையோடு சாதாளையாய்ப் பின்னிக் கிடந்தன. வலை பொத்திக்கொண்டிருந்த முதியவர் ஒருவர், நாம் நோக்குவதைக் கண்டு தலை நிமிர்ந்தார். "மாஸ்ரர், எங்கட அப்பு காலத்தில பருத்தி நூல் வலை. அறுந்தால் கடல் தின்னும். இப்ப அறுந்த வலை கடலைத் தின்னுது" என்றார். பள்ளிக்கூடத்தில் நெடுநாள் பயிலாத அவர் கூறிய இவ்வொரு வாக்கியத்திற்கு உரை எழுதுவதே இக்கட்டுரையின் வேலை எனலாம்.

நைலோன் வலையை அம்முதியவர் பழித்தாரல்லர். பருத்தி வலைக்கு மரப்பட்டைச் சாயம் ஊட்டி, நாடோறும் உலர்த்தி, இற்றுப்போகாமற் காத்தல் எத்துணைத் துன்பம் என்பதும் அவர் அறிந்ததே. புதிய வலை அவருடைய உழைப்பைக் குறைத்தது, பிடியைப் பெருக்கிற்று. நன்மை உண்மை. ஆனால் நன்மை முடிந்த பின்னர் எஞ்சி நிற்பது யாது, அதனை ஏற்பவர் யார் என்பதை வலை வாங்கிய நாளில் ஒருவரும் வினவவில்லை.

தமிழிலக்கணத்தில் எச்சம் என ஒன்றுண்டு. 'வந்த', 'வந்து' என்பன முற்றுப்பெறாத சொற்கள். பெயரோ வினையோ வந்து முடிக்கும்வரை அவை காத்து நிற்கும். 'எச்சம்' என்ற சொல்லுக்கே எஞ்சிய பொருள் என்றும், ஒருவர் விட்டுச்செல்லும் வழித்தோன்றல் என்றும் பொருள்கள் உள. ஆற்றலைப் பெருக்கும் சாதனம் எதுவாயினும் அது ஓர் எச்சத்தை விட்டே செல்லும். அவ்வெச்சத்தை முடித்து வைப்பவர் நாமா, நமது வழித்தோன்றல்களா என்பதே கேள்வி.

மின்சாரமே வேண்டா, பழைய வாழ்வே இனிது என்று கூற நாம் வரவில்லை. 1990இல் குடாநாட்டில் மின்சாரம் நின்ற பின்னர், ஜாம் போத்தலுக்குள் சிறிது பஞ்சும் மண்ணெண்ணெயும் இட்டு ஏற்றிய சிறுவிளக்கின் முன் எழுத்துக் கூட்டிப் படித்த தலைமுறை எம்முடையது. சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, டைனமோவைச் சுழற்றி வானொலிச் செய்தி கேட்டவர் பலர் இம்மலரை வாசிப்போருள் இருப்பர். இருளின் பெருமையைப் பாட எமக்கு நா எழாது. 2022இல் நாடு முழுவதும் நாளொன்றுக்குப் பத்து மணித்தியாலத்துக்கு மேலும் மின்வெட்டு நிகழ்ந்தபோது, அப்பழைய விளக்கு எம் நினைவில் மீண்டும் எரிந்தது.

அதே வேளை, மின்சாரத்தின் எச்சம் யாது என்பதையும் குடாநாட்டார் தம் கிணற்றிலேயே கண்டனர். சுன்னாகத்தில் எண்ணெய் எரித்து மின் பிறப்பித்த இடத்தைச் சூழ்ந்த கிணறுகளில் எண்ணெய் மிதந்த செய்தி 2014, 2015ஆம் ஆண்டுகளில் ஊரையே கலக்கியது. வழக்கு உயர் நீதிமன்றம் சென்று, 2019இல் இரண்டு கோடி ரூபா நட்டஈடு செலுத்துமாறு தீர்ப்பாயிற்று. ஓடும் ஆறு இல்லாத நாடு எமது குடாநாடு. சுண்ணாம்புக் கல்லின் வெடிப்புக்களூடே ஊறும் மழைநீரே எமது செல்வம். மேலே சிந்துவது கீழே சேரும். வேண்டாதவற்றை எறிதற்கு 'அப்பால்' என்றோர் இடம் எமக்கு இல்லை.

இனி அணுவை நோக்குவோம். பாக்கு நீரிணைக்குத் தெற்கே, திருநெல்வேலி மாவட்டத்துக் கூடங்குளத்தில், ஒவ்வொன்றும் 1000 மெகாவாற்று ஆற்றலுடைய அணு உலைகள் இரண்டு இயங்குகின்றன. முதலாவது 2013இலும் இரண்டாவது 2016இலும் மின்னிணைப்புப் பெற்றன. அணுவின் சிறப்பை மறைத்தல் நேர்மையன்று. அது புகை கக்குவதில்லை; இரவும் பகலும், காற்றும் வெயிலும் பாராது தொழில் செய்யும். விரல்நுனி அளவான யுரேனிய வில்லையொன்று ஏறக்குறைய ஒரு தொன் நிலக்கரியின் வேலையைச் செய்யும். நுரைச்சோலையில் 900 மெகாவாற்றுக்காக நிலக்கரியைக் கப்பல் கப்பலாக இறக்கும் நாட்டுக்கு இஃது எளிய செய்தியன்று.

மறுபக்கமும் உண்டு. 1986இல் சேர்னோபிலிலும், 2011இல் யப்பானின் புக்குஷிமாவிலும் நேர்ந்த விபத்துக்களால், ஒவ்வோரிடத்தும் இலட்சத்துக்கு மேற்பட்ட மக்கள் வீடு வாசல் துறந்தனர். 1995இல் ஓரிரவில் ஊர் முழுதும் பெயர்ந்ததை அறிந்த எமக்கு, 'இடப்பெயர்வு' என்ற சொல்லுக்கு அகராதி வேண்டா. இடிந்தகரை மீனவ மக்கள் 2011 முதல் கூடங்குளத்தை எதிர்த்து நின்றதும் அவ்வச்சத்தினாலேயே. உலைக்குள் எரிந்து முடிந்த எரிபொருளோ மேலும் பெரிய வினா. அதிலுள்ள புளூட்டோனியத்தின் அரைவாழ்வு ஏறக்குறைய 24,000 ஆண்டுகள். பின்லாந்து தேசத்தார் 400 மீற்றருக்கும் ஆழமாகப் பாறையைக் குடைந்து அதற்கு அறை அமைத்துள்ளனர். சங்கப் பாடல்களுக்கு அகவை இரண்டாயிரம் என நாம் பெருமிதம் கொள்கின்றோம். இவ்வெச்சமோ அதனினும் பன்மடங்கு நீண்ட காவலை வேண்டுகின்றது.

இலங்கையும் அணுமின்னை ஆராய்ந்து வருகின்றது. நாடு முழுவதும் ஒரே வேளையில் வேண்டும் உச்ச மின்சாரம் ஏறத்தாழ 2500 முதல் 3000 மெகாவாற்று வரையே. அத்தகைய சிறு வலையமைப்பில் 1000 மெகாவாற்று உலையொன்று திடீரென நின்றால், மூன்றிலொரு பங்கு ஒரு நொடியில் மறையும். 2025 பெப்ரவரி 9ஆம் நாள் பாணந்துறை உபநிலையத்திற் குரங்கொன்று புகுந்தமையால் நாடே இருண்டதை அறிவோம். சிறிய உலைகள் வரும் என்பர். உலை சிறிதாயினும் எச்சத்தின் ஆயுள் சிறிதாகாது.

காற்றும் வெயிலும் எமக்கு அந்நியமல்ல. சோளகமும் வாடையும் எம் கடலோடிகளின் நாட்காட்டி. பளைப் பகுதிப் புலோப்பளையில் காற்றாலைகள் சுழல்கின்றன. மன்னாரில் 'தம்பபவனி' என்னும் 30 காற்றாலைகளைக் கொண்ட நிலையம் 2020இல் திறக்கப்பட்டது. அதன் ஆற்றல் 103.5 மெகாவாற்று. எழுவைதீவில் காற்று, வெயில், மின்கலம், டீசல் ஆகிய நான்கையும் இணைத்து மின் வழங்கினர். நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு ஆகிய மூன்றற்கும் அத்தகைய நிலையம் அமைக்க 2021இல் சீன நிறுவனமொன்றுக்கு ஒப்பந்தம் அளிக்கப்பட்டது. அயல்நாடு ஐயுற்றமையால் அது நின்றது. 2022இல் இந்திய மானியத்திற் செய்வதென உடன்பாடாயிற்று. வெயில் பொதுவாயினும் அரசியல் பொதுவன்று போலும்!

இவற்றையும் குற்றமற்றன எனல் ஆகாது. காற்று ஓயும், வெயில் சாயும். அக்காலத்துக்கு மின்கலமோ நீர்மின்னோ துணைநிற்றல் வேண்டும். மன்னார் வலசைப் பறவைகள் வந்திறங்கும் நிலம். மேலும் காற்றாலைகள் அமைப்பதை எதிர்த்து 2025இல் மன்னார் மக்கள் வீதிக்கு வந்தனர். காற்றாலையின் இறகு நார்கலந்த பிசினாலானது. சூரியத் தகட்டின் ஆயுள் ஏறக்குறைய 25 ஆண்டு. இன்று வீட்டுக் கூரைகளில் மின்னும் தகடுகள் எல்லாம் ஒரு நாள் இறங்கியே தீரும். அவை எங்கே போகும்?

பிளாஸ்ரிக்கின் கதை இதுவே. 2021இல் கொழும்புக்கு அப்பால் எரிந்து மூழ்கிய 'எக்ஸ்பிரஸ் பேர்ள்' கப்பலிலிருந்து ஏறத்தாழ 1680 தொன் பிளாஸ்ரிக் மணிகள் கடலிற் கொட்டுண்டன. அதனை உலகம் கண்டு திகைத்தது. நாடோறும் நாமே கொட்டுவதனை யார் கண்டனர்? 2017இல் சோறு கட்டும் பொலித்தீன் தாளும் மெல்லிய பைகளும் தடுக்கப்பட்டன. 2023இல் ஒருமுறை பயன்படும் கரண்டி, தட்டு, உறிஞ்சுகுழல் முதலியனவும் தடைப்பட்டன. 2025 நவம்பர் முதல் கடைப் பைக்கு விலையும் வந்தது. சட்டத்துக்குக் குறைவில்லை. ஆயினும் பகல் முழுதும் சேர்ந்த குப்பைக்கு வேலியோரத்தில் மாலையில் நெருப்பிடும் வழக்கம் எம்மூர்களில் ஒழிந்தபாடில்லை. அப்புகையை முதலில் உண்பவர் எம் பிள்ளைகளே.

ஈண்டு ஒரு விந்தை காண்மின். அணுவின் எச்சம் கொடியது; ஆயின் அளவிற் சிறிது. அதற்குக் கணக்குண்டு, பூட்டுண்டு, காவலர் உளர். பொலித்தீன் பை சாதுவானது, ஆயின் எண்ணிறந்தது. அதற்குக் கணக்குமில்லை, காவலுமில்லை. கேடு பொருளில் மாத்திரம் இல்லை, காவலின்மையிலும் உண்டு. ஆகவே நாம் அணுவை இகழ்கின்றோமல்லோம். எமது ஆயத்தத்தையே ஐயுறுகின்றோம். ஒரு சோற்றுத் தாளை உரிய இடத்திற் சேர்க்க இயலாத சமுதாயம், இருபதினாயிரம் ஆண்டுக் காவலை எங்ஙனம் ஏற்கும்? எமது குடாநாட்டுக்கு இன்று தக்கவை காற்றும் வெயிலுமே என்பது எம் கருத்து. அவை குற்றமற்றன என்பதனாலன்று. அவற்றின் எச்சம் ஒரு தலைமுறை தன் கையாலேயே முடித்து வைக்கத் தக்கது என்பதனால். ஆயினும் முடித்து வைக்கும் ஒழுங்கு தகட்டோடு உடன் வருதல் வேண்டும். கிணறு கெட்டபின் வருதல் பயனன்று.

பழைய மாணவரே, உங்களிடம் ஒரு வேண்டுகோள். கடல் கடந்த நாடுகளிலிருந்து கல்லூரிக்கு வாரி வழங்குகின்றீர்கள். கூரைக்குச் சூரியத் தகடு அளிப்பீராயின், அதனைப் பேணவும், ஆயுள் முடிந்தபின் அகற்றவும் வேண்டிய பணத்தையும் சேர்த்தளியுங்கள். விழாவுக்குப் பிளாஸ்ரிக் பதாகை வேண்டா, துணியே போதும். மாணவரே, உங்கள் சோற்றுப் பொதி வாழையிலையில் அல்லது பெட்டியில் வரட்டும். நைலோன் வலையும், மருத்துவ ஊசியும், நீர்க்குழாயும் நெடுநாள் பயன்படுவன. அவற்றை விலக்குமாறு யாரும் கூறவில்லை. பத்து நிமிடப் பயனுக்காகப் பல நூறாண்டு எச்சத்தைப் பெறுவதையே விலக்குகின்றோம்.

குருநகர் முதியவர் தம் வலையைப் பொத்தி முடித்ததும், அறுத்தெறிந்த நூற்றுண்டுகளை மணலிற் போடாமல் பொறுக்கிப் பழைய உமல் ஒன்றுள் இட்டுக் கட்டினார். யாரும் பணிக்கவில்லை. தம் வேலையின் எச்சத்தைத் தாமே முடித்துவிட்டு வீடு சென்றார். விவாத மேடையில் வெல்லப் போகும் மாணவர் எவராயினும், அக்காட்சியை ஒருமுறை கண்டு வருவாராக.