வலையை அடைப்பவர் யார்?

வலையமைப்பு முகாமை என்னும் தொடர் இன்று நம் மாணவர்க்குப் புதியதன்று. பழுதைக் கண்டறிதல், அமைப்பை ஒழுங்குசெய்தல், பயன்பாட்டைக் கணக்கிடுதல், செயற்றிறனை அளத்தல், பாதுகாப்பைப் பேணுதல் எனக் கணினி வலையமைப்பை முகாமை செய்வோரின் கடமைகளை ஐந்தாக வகுத்துரைப்பர். இவ்வைந்தும் செவ்வனே நடைபெறுமாயின், பயன்படுத்துவோர் அப்படியொரு முகாமை இருப்பதையே உணரார். ஆயினும், திறந்துவைக்கும் கைக்கு அடைத்துவிடும் ஆற்றலும் உண்டு. அந்த ஆற்றல் எவருடைய ஆணைக்கு உட்பட்டது என்பதே பொதுமக்கள் ஆராயவேண்டிய வினா.

புத்தளம் மாவட்டத்துக் கரையோர மக்கள் இதனை 2019ஆம் ஆண்டிலே அனுபவித்து அறிந்தனர். அவ்வாண்டு ஏப்பிரல் 21ஆம் நாள், உயிர்த்த ஞாயிறன்று, நிகழ்ந்த குண்டுவெடிப்புகளால் நாடு அச்சமும் ஐயமும் கொண்டிருந்தது. மே 12ஆம் நாள் சிலாபத்தில், முகநூலிலே எழுதப்பட்ட சிறு குறிப்பொன்று அச்சுறுத்தலாகப் பொருள்கொள்ளப்பட்டது. பள்ளிவாசலும் முஸ்லிம்களின் கடைகளும் கல்லெறிக்கு இலக்காயின. ஊரடங்குச் சட்டம் பிறப்பிக்கப்பட்டது. மறுநாள் முகநூல், வட்ஸ்அப் முதலியவை நாடெங்கும் தடுக்கப்பட்டன. வதந்தி பரவுவதைத் தடுத்தலே நோக்கம் எனப்பட்டது.

இந்நோக்கத்தை நாம் எளிதில் ஒதுக்கிவிடுவதற்கில்லை. நொடிப்பொழுதில் ஆயிரம் பேரைச் சென்றடையும் பொய்யை எந்த அரசும் கைகட்டிப் பார்த்திருத்தல் இயலாது. எனினும் விளைவை நோக்குக. தடை விதிக்கப்பட்ட அதே நாளில் கலகம் வடமேல் மாகாணத்தின் வேறு ஊர்களிலும் மினுவாங்கொடையிலும் மூண்டது. இம்மாவட்டத்துக் கொட்டாரமுல்லையில் ஓர் உயிர் பலியாயிற்று. அடைபட்ட வலை கலகக்காரரின் கால்களைக் கட்டவில்லை. கதவடைத்து உள்ளே நடுங்கியிருந்த வீட்டாரோ, தாம் நலமென உறவினர்க்கு ஒரு வரி அனுப்பும் வழியை இழந்தனர். சாதாரணத் தொலைபேசி இருந்ததே என்பர் சிலர். கடல்கடந்து உழைக்கும் தாயின் குரலை வட்ஸ்அப்பில் மட்டுமே கேட்டுவந்த பிள்ளைக்கு அது எளிய மாற்றாகுமா?

இவ்வழக்கம் சிலாபத்தோடு தொடங்கியதுமன்று, முடிந்ததுமன்று. 2018 மார்ச்சில் கண்டி மாவட்டக் கலவரத்தின்போதும் இதே தடை வந்தது. 2022 ஏப்பிரல் 3ஆம் நாள், பொருளாதார நெருக்கடியால் வாடிய மக்கள் எதிர்ப்புத் தெரிவிக்கத் திரண்ட வேளையிலும் அது வந்தது. கலவரத்தை அடக்குவதற்கென ஏற்றுக்கொள்ளப்பட்ட கருவி, ஏறத்தாழ நான்காண்டுகளில் குடிமக்களின் எதிர்ப்புக் குரலுக்கு முன்னும் நீட்டப்பட்டது. நல்ல நோக்கத்துக்காக வழங்கும் அதிகாரத்துக்கும் எல்லை வகுத்தே வழங்கவேண்டும் என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுமோ?

ஆதலின் நாம் கோருவன சிலவே. வலையை அடைக்கும் ஆணையைப் பிறப்பித்தவர் யார், எச்சட்டத்தின்படி, எவ்வெச் சேவைகளுக்கு, எந்நாள் எம்மணிவரை என்பன அப்போதே எழுத்தில் வெளியிடப்படல் வேண்டும். ஓர் ஊரின் கலகத்துக்காக நாடு முழுவதையும் அடைத்தல் தகாது. தடை நீங்கியபின் அதன் பயனும் கேடும் பாராளுமன்றத்தில் ஆராயப்படல் வேண்டும். 1991ஆம் ஆண்டின் 25ஆம் இலக்கச் சட்டத்தின்கீழ் இயங்கும் இலங்கைத் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழு, சேவை வழங்குவோரை மேற்பார்வை செய்வதுபோலவே, பயன்படுத்துவோருக்கும் விடை கூறக் கடமைப்பட்டதாதல் வேண்டும்.

ஆசிரியர்க்கும் இதில் ஒரு பங்குண்டு. சிலாபத்திலே பகை முன்பே புகைந்திருந்தது. அதனைத் தீயாக்கியது ஒரு சிறு குறிப்புக்கு மக்கள் கொண்ட பொருள். எழுதியவன் கருத்தென்ன, எவ்விடத்தில் எவரை நோக்கி எழுதினான் என்று நிதானித்துப் படிக்கும் பயிற்சியை எந்தப் பொறியாளரும் வலையமைப்பிலே பொருத்திவைக்க இயலாது. மொழிப்பாட வகுப்பிலேதான் அது கைவரும். தேர்வுக்கு மட்டும் படிக்கும் வழக்கத்தை விட்டு, படித்ததைச் சீர்தூக்கிப் பார்க்கும் மாணவரை உருவாக்குவோமாயின், வலையை அடைக்கவேண்டிய நாட்கள் குறையும்.